4ஏஏ, 4பிபி, 3பிசி: கருவின் கிரேடை எப்படிப் படிப்பது

ஐவிஎஃப், அதாவது முட்டையை எடுத்து லேபில் கருவாக்கும் சிகிச்சை, எடுத்துக்கொண்ட யாரைக் கேட்டாலும் அந்தத் தாளைப் பற்றிச் சொல்வார்கள். கருவைக் கருப்பைக்குள் வைக்கும் டிரான்ஸ்ஃபர் அன்றைக்கோ, கருக்களை ஃப்ரீஸ் செய்து முடித்த பிறகோ கையில் தருவார்கள். பெயர், வயது, கணவர் பெயர், எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை கருவுற்றது, கடைசியில் சின்னதாக ஒரு வரி: 4ஏஏ, 4பிபி, 3பிசி. விளக்கம் எதுவும் இருக்காது. ஏ, பி, சி எல்லாம் நாம் பள்ளிக்கூட ரேங்க் கார்டில் பார்த்துப் பழகியது, அதனால் பி என்று கண்ணில் பட்டதுமே மனசு விழுந்துவிடும், சி என்றால் கேட்கவே வேண்டாம். டாக்டரிடம் கேட்கலாம் என்றால் வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், "நல்லாத்தாம்மா இருக்கு, கவலைப்படாதே" என்பதோடு முடிந்துவிடும்.

எங்களிடம் இருந்தவற்றில் நல்ல கிரேடு என்று முதலில் வைத்த கரு ஒட்டவில்லை. அடுத்ததை ஃப்ரீஸ் செய்து வைத்திருக்கிறார்கள், அதற்கு முதலாவதை விடக் குறைந்த கிரேடு. அதை வைப்பதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். முடிவு தெரிந்த பிறகு எழுதினால், நல்ல செய்தியாக இருந்தால் கிரேடு எல்லாம் பொய் என்று எழுதத் தோன்றும், இல்லையென்றால் கிரேடுதான் எல்லாம் என்று எழுதத் தோன்றும், இரண்டுமே சரியில்லை. ஒருத்திக்கு நடந்ததை வைத்து இன்னொருத்தி தன் வாய்ப்பைக் கணக்குப் போடக்கூடாது.

நான் படித்தும் கேட்டும் புரிந்துகொண்டது இதுதான்: கிரேடு என்பது உங்களிடம் இருக்கும் கருக்களில் எதை முதலில் வைப்பது என்று லேபில் போட்டுக்கொள்ளும் வரிசை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. அதற்கு மேல் அதனிடம் பதில் கேட்டால் அதனால் சொல்ல முடியாது.

சரி, முதலில் நாள் கணக்கு. முட்டை எடுக்கும் நாள் பூஜ்யம். மறுநாள் காலையில், விந்தணுவைச் சேர்த்து 16 முதல் 18 மணி நேரத்துக்குள், முட்டைக்குள் இரண்டு சின்ன வட்டங்கள் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று அப்பாவுடையது. இரண்டும் தெரிந்தால் சரியாகக் கருவுற்றது என்று கணக்கு. இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு செல் என்பது எதிர்பார்க்கும் வேகம். நான்காம் நாள் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி, தனித்தனியாக எண்ண முடியாத ஒரு திரளாக ஆகிவிடும். ஐந்தாம் நாள் உள்ளே நீர் சேர்ந்து ப்ளாஸ்டோசிஸ்ட் ஆகும். வழியில் பல நின்றுவிடும். கருவுற்றவற்றில் ஏறக்குறைய பாதி ஐந்தாம் நாள் வரை வராமல் போவது எல்லா லேபிலும் நடப்பதுதான். லேபிலிருந்து ஒவ்வொரு நாளும் போன் வந்து எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்போது நம்மிடம்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். இதை முன்கூட்டியே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் அந்த ஒரு வாரம் கொஞ்சமாவது தூங்கியிருப்பார்கள் என்று எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

மூன்றாம் நாள் கருவுக்கும் ஐந்தாம் நாள் கருவுக்கும் கிரேடு போடும் முறையே வேறு. இது தெரியாமல்தான் பாதிக் குழப்பம். மூன்றாம் நாளில் பார்ப்பது எத்தனை செல், எல்லாம் ஒரே அளவா, இடையில் உடைந்த துணுக்குகள் எவ்வளவு, ஒரு செல்லுக்குள் ஒன்றுக்கு மேல் உட்கரு இருக்கிறதா என்பதை. துணுக்குகள் பத்து சதவீதத்துக்குள் என்றால் லேசானது, 25 சதவீதத்தைத் தாண்டினால் அதிகம் என்பது கருவியல் நிபுணர்கள் கூடிப் பேசி 2011இல் வெளியிட்ட இஸ்தான்புல் ஒருமித்த வரையறையில் இருப்பது. உலகத்தில் பல லேப்கள் அதை ஒட்டித்தான் போகின்றன. அங்கே கிரேடு 1 என்பதுதான் இருப்பதிலேயே நல்லது. ஐந்தாம் நாள் கருவிலோ முன்னால் வரும் எண் பெரிதாக ஆக, கரு இன்னும் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் போகும் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரூமுக்கு வெளியே ஒரு நாள் பக்கத்தில் இருந்த பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். "அக்கா, உங்களுக்கு என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். 4 என்று ஆரம்பிக்கும் என்றேன். "எனக்கு 1ன்னு போட்டிருக்காங்கக்கா, ரொம்பக் கம்மியா இருக்கே" என்று சொல்லும்போதே கண்ணில் தண்ணீர். தாளை வாங்கிப் பார்த்தால், அது மூன்றாம் நாள் கரு, எட்டு செல், கிரேடு 1. அதை விட நன்றாகப் போட முடியாது. அந்தப் பெண் ராத்திரியெல்லாம் அழுதுவிட்டு வந்திருக்கிறாள், ஒரு வரி விளக்கம் தாளில் அச்சடிக்க யாருக்கும் தோன்றாததால்.

எட்டு செல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுன், உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தை, எட்டு செல் கருவாகத்தான் அம்மாவின் கருப்பைக்குள் போனவர். அந்தக் கரு பிரிவதை மைக்ரோஸ்கோப்பில் முதலில் பார்த்தவர் ஜீன் பர்டி, நர்ஸாகப் பயிற்சி பெற்று கருவியல் வேலைக்கு வந்தவர். அதே வருடம் அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய முயற்சியில் இந்தியாவின் முதல் ஐவிஎஃப் குழந்தை துர்கா பிறந்தார். ஏஏ, பிபி எல்லாம் வருவதற்கு இருபது வருடம் முன்னால்.

இப்போது பெரும்பாலும் எழுதும் அந்த எண்ணும் இரண்டு எழுத்தும் 1999இல் டேவிட் கார்ட்னரும் வில்லியம் ஸ்கூல்கிராஃப்டும் வெளியிட்ட முறை. 4ஏபி என்று இருந்தால் அதில் மூன்று தனித்தனி விஷயம் இருக்கிறது. முதல் எண் 1 முதல் 6 வரை, கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. 1 என்றால் உள்ளே நீர் சேரும் குழி பாதிக்கும் குறைவு, 2 என்றால் பாதி அல்லது அதற்கு மேல், 3 என்றால் முழுக்க நிரம்பிவிட்டது, 4 என்றால் நிரம்பி, பெரிதாகி, வெளியே இருக்கும் உறை மெலிந்துவிட்டது. 5 என்றால் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வர ஆரம்பித்துவிட்டது, 6 என்றால் முழுக்க வெளியே வந்துவிட்டது. இது மதிப்பெண் என்பதை விட வளர்ச்சியின் கட்டம் என்று வைத்துக்கொள்வது சரி. எண்ணுக்கு அடுத்து வரும் முதல் எழுத்து உள்ளே இருக்கும் செல் குவியலுக்கு, அதுதான் குழந்தையாக வளரும் பகுதி. ஏ என்றால் நிறைய செல், நெருக்கமாகக் கட்டியாக இருக்கிறது. பி என்றால் கொஞ்சம் தளர்வாக. சி என்றால் சில செல்கள்தான் தெரிகின்றன. கடைசி எழுத்து வெளி வரிசைச் செல்களுக்கு, அது பின்னால் நஞ்சுக்கொடியாகும். அங்கேயும் அதே மாதிரி, ஏ என்றால் நிறைய செல்கள் இடைவெளியில்லாமல் ஒரு வரிசையாக, சி என்றால் மிகக் குறைவான பெரிய செல்கள். 1, 2 கட்டத்தில் இருக்கும் கருவுக்கு எழுத்தே போட மாட்டார்கள், இன்னும் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு வளரவில்லை என்பதால்தான்.

இதில் பலர் கவனிக்காதது கடைசி எழுத்து. குழந்தையாகும் பகுதிதானே முக்கியம், ஏபி வந்தால் பிஏவை விட நல்லது என்று எல்லோருமே நினைப்போம். ஆனால் கருப்பையில் போய்ப் பற்றிக்கொள்ளும் வேலையைச் செய்வது வெளி வரிசைதான். அந்த வெளி வரிசையின் கிரேடுதான் முடிவோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

எங்கள் லேபில் எம்ப்ரியாலஜிஸ்ட், அதாவது கருவை வளர்த்துப் பார்க்கும் நிபுணர், ஒருவர், நல்ல மனுஷி, கணினித் திரையில் படத்தைக் காட்டி விளக்கினார். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதன் ஒரு ஓரத்தில் சற்று அடர்த்தியாக ஒரு திட்டு. "இது தெரியுதா மேடம், இதுதான் பேபி. சுத்தி மணி மணியா வருதே, அது நஞ்சு." ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பினார், திட்டு மங்கிப்போய் எதிர்ப்பக்கத்துச் செல்கள் தெளிந்தன. இன்னும் திருப்பினார், திட்டு மறுபடி வந்தது, ஆனால் இப்போது முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. "உருண்டையா இருக்கிறதை ஒரு பக்கமா இருந்துதான பாக்குறோம், அது எப்படித் திரும்பிக் கிடக்குதோ அதைப் பொறுத்து ஏவா பியான்னு சில சமயம் எங்களுக்குள்ளேயே பேசிப்போம்" என்றார். மொத்தமே பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஒன்று. அதை ஒருவர் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கிறார். அனுபவமுள்ள கண்தான், ஆனாலும் கண். ஒரே படத்தை இரண்டு எம்ப்ரியாலஜிஸ்ட்டிடம் காட்டினால் ஒருவர் ஏபி என்பார், இன்னொருவர் பிபி என்பார், அது அதிசயமில்லை.

நேரமும் இருக்கிறது. ஐந்தாம் நாள் என்றால் காலை எட்டு மணிக்குப் பார்த்தாலும் ஐந்தாம் நாள், மதியம் பார்த்தாலும் ஐந்தாம் நாள். காலையில் 3 என்று எழுதியது சில மணி நேரத்தில் 4 ஆகியிருக்கும். அதனால்தான் அந்த 2011 இஸ்தான்புல் வரையறையில் 116 மணி நேரம், இரண்டு மணி முன்னே பின்னே, என்று கணக்கு வைத்தார்கள். சில கருக்கள் ஆறாம் நாள்தான் அந்த நிலைக்கு வரும். ஆறாம் நாள் கருவுக்குச் சராசரியாக வாய்ப்பு கொஞ்சம் குறைவு என்பது உண்மை, அதைத் தூக்கி எறியும் அளவுக்குக் குறைவில்லை என்பதும் உண்மை.

இப்போது எல்லோரும் கேட்க விரும்பும் கேள்வி. கிரேடு நன்றாக இருந்தால் ஒட்டுமா? சராசரியாகப் பார்த்தால் நல்ல கிரேடு கருவுக்கு வாய்ப்பு அதிகம், இதை மறைத்து யாரும் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் தெரிவது வடிவம் மட்டும்தான். உள்ளே க்ரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது, கரு ஒட்டாமல் போவதற்கும் ஆரம்பத்திலேயே கலைவதற்கும் பெரிய காரணம் அதுதான். 2014இல் இத்தாலியிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. க்ரோமோசோம் பரிசோதனை செய்த கருக்களை வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மிக நல்ல வடிவம் என்று போட்டவற்றிலேயே பாதிக்குச் சற்று மேல்தான் க்ரோமோசோம் சரியாக இருந்தது. மோசமான வடிவம் என்று போட்டவற்றிலும் கால்வாசி சரியாக இருந்தது. க்ரோமோசோம் சரியான கருக்களை வைத்தபோது, வடிவம் எப்படியிருந்தாலும் ஒட்டும் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகள் அப்போதும் வடிவத்தால் கொஞ்சம் வித்தியாசம் உண்டு என்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். எப்படிப் பார்த்தாலும், தாளில் ஏஏ என்று பார்த்துவிட்டு இந்தத் தடவை உறுதி என்று வளைகாப்புப் புடவை வரை யோசித்து வைப்பதும், பிசி என்று பார்த்துவிட்டு டிரான்ஸ்ஃபருக்கு முன்பே அழுது தீர்ப்பதும் அந்தத் தாள் சொல்லாததை நாம் படிப்பது.

வயதைச் சேர்க்காமல் கிரேடைப் படிக்கவே கூடாது. முட்டையின் வயது கூடக் கூட க்ரோமோசோம் தவறுகள் கூடும், நாற்பதைத் தாண்டினால் பாதிக்கு மேற்பட்ட கருக்களில் இருக்கும். அதனால் 28 வயதுப் பெண்ணின் 4பிபியும் 41 வயதுப் பெண்ணின் 4ஏஏவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதலாவதற்கு வாய்ப்பு அதிகமாக இருக்கலாம். காத்திருக்கும் ஹாலில் ஒருவர் தாளை இன்னொருவர் வாங்கி ஒப்பிடும்போது இது யாருக்கும் ஞாபகம் வராது.

அப்படியானால் க்ரோமோசோம் பரிசோதனையே செய்துவிடலாமே என்று தோன்றும். சிலருக்குத் தேவைதான், தொடர்ந்து கலைபவர்களுக்கு, குடும்பத்தில் க்ரோமோசோம் கோளாறு இருப்பவர்களுக்கு டாக்டரே சொல்வார். மற்ற எல்லோருக்கும் இது வாய்ப்பைக் கூட்டும் என்று சொல்ல முடியவில்லை: 2019இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டில், 25 முதல் 40 வயதுப் பெண்களில், பரிசோதனை செய்து வைத்தவர்களுக்கும் வடிவம் மட்டும் பார்த்து வைத்தவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதேபோல டைம் லாப்ஸ் இன்குபேட்டர், கேமரா வைத்து நாள் முழுக்கக் கருவைப் படம் எடுப்பது, அதற்குத் தனியாகக் காசு. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் நடந்து 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அதனால் குழந்தை பிறக்கும் விகிதம் கூடவில்லை. நகையை வைத்துச் சிகிச்சைக்கு வருபவர்கள் நிறைய இருக்கிறோம். இப்படி மேல்செலவு எதையாவது சொன்னால், எனக்கு இது எதற்காகத் தேவை, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நிதானமாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி. நாட்டுக்கோழி முட்டை, மாதுளை, பேரீச்சை, ப்ரோட்டீன் பவுடர் எல்லாம் சாப்பிட்டால் கிரேடு ஏறும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நல்ல சாப்பாடு நல்லதுதான், உடம்புக்குத் தேவை. ஆனால் முட்டையை எடுத்த பிறகு, கரு லேபில் வளர்ந்து கிரேடு போட்ட பிறகு, நீங்கள் சாப்பிடுவதோ சாப்பிடாததோ அந்த எழுத்தை மாற்றாது. விந்தணுவின் தரமும் கருவின் வளர்ச்சியில் பங்கு வகிக்கிறது, முக்கியமாக மூன்றாம் நாளுக்குப் பிறகு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிரேடு குறைவு என்று வீட்டில் தெரிந்தால் விரல் உடனே ஒரு பக்கம் மட்டும் நீளும். "நீ சரியா சாப்பிடல", "ஆபீஸுக்கு ஸ்கூட்டியில போனே", "டென்ஷன் ஆகாதேன்னா கேக்கிறியா". மாமியார் பாசமாகத்தான் கேட்பார், "நல்ல கருதானம்மா?" என்று, அதற்குப் பதிலாக நாம் பி என்று சொன்னால் அந்த பி ஊருக்குப் போய், நாத்தனார் வழியாகச் சுற்றி, திரும்ப நம்மிடமே "என்னமோ கரு சரியில்லையாமே" என்று வந்து சேரும். கிரேடு உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் டாக்டருக்கும் தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு, "டாக்டர் நல்லா இருக்குன்னாங்க" என்பது போதுமான பதில், அது பொய்யும் இல்லை, ஏனென்றால் வைக்கத் தகுதியில்லாத கருவை லேபில் வைக்கவே மாட்டார்கள்.

லேபில் என்ன கேட்கலாம் என்று பலருக்குத் தெரிவதில்லை, கேட்டால் கோபப்படுவார்களோ என்று பயம் வேறு. பெரும்பாலான எம்ப்ரியாலஜிஸ்ட்கள் கேட்டால் சந்தோஷமாகவே சொல்வார்கள், அவர்களை யாரும் தேடிப் போய்க் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். இது எந்த நாள் கரு, ஐந்தா ஆறா. எந்த முறையில் கிரேடு போடுகிறீர்கள், ஏனென்றால் சில இடங்களில் நல்லது, சுமார், மோசம் என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவார்கள், அதை வேறு ஆஸ்பத்திரியின் 4பிபியோடு ஒப்பிட முடியாது. ஃப்ரீஸ் செய்த கரு என்றால், எடுத்து இயல்பான சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மறுபடி விரிந்ததா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். ஃப்ரீஸ் செய்யும்போது கரு சுருங்கும், எடுத்த சில மணி நேரத்தில் திரும்ப விரிவது நல்ல அறிகுறி. டிரான்ஸ்ஃபர் அன்றைக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது பழைய எழுத்தை விட இதுதான் என்று எனக்குச் சொன்னார்கள். படம் கேளுங்கள், மொபைலிலாவது எடுத்துக்கொள்ளுங்கள், வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் உதவும்.

கிரேடு குறைவு, அதனால் இரண்டாக வைத்துவிடலாம் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இரண்டும் ஒட்டினால் இரட்டை, இரட்டை என்றால் கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் குறைப்பிரசவமும், அம்மாவுக்கு ரத்த அழுத்தமும், குழந்தைகள் என்ஐசியூ என்ற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதும் அதிகம். ஒவ்வொன்றாக வைத்தால் என்ன, அடுத்ததை ஃப்ரீஸ் செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டு, உங்கள் வயதையும் கையில் இருக்கும் காசையும் சேர்த்து யோசித்து முடிவெடுங்கள்.

கடைசியாக, சி வந்த கருக்கள். எந்தக் கிரேடு வரை ஃப்ரீஸ் செய்வது என்பதை ஒவ்வொரு லேபும் தனக்கென்று வைத்திருக்கிறது. சில இடங்களில் இரண்டு எழுத்துமே சி என்றால் ஃப்ரீஸ் செய்யாமல் விட்டுவிடுவார்கள், சில இடங்களில் வேறு கரு இல்லையென்றால் அதையும் வைத்துப் பார்ப்பார்கள். அப்படி வைத்துப் பிறந்த குழந்தைகள் இருக்கிறார்கள், குறைவாக, ஆனால் இருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு அந்தக் கிரேடால் உடம்பில் குறை வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நிறைய கரு இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஒன்றோ இரண்டோ மட்டும் வந்தவருக்கு இதுதான் எல்லாம். முட்டை எடுக்கும் எக் பிக்கப்புக்கு முன்னால் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்குவார்கள் இல்லையா, அந்த நேரத்திலேயே கேளுங்கள்: உங்கள் லேபில் எந்தக் கிரேடுக்குக் கீழே ஃப்ரீஸ் செய்வதில்லை, அப்படி ஒன்று வந்தால் எங்களுக்குப் போன் செய்து கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம் என்று இந்தத் தாளில் எழுதிக்கொள்ள முடியுமா என்று.